விசிறி நிற்கும்வரை விலகி நில்லுங்கள்

2021 டிசம்பர் 8, நண்பகல் கடந்த நேரம். குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. திடீரென்று தலைக்கு மேலே பேரிரைச்சல், அடுத்து மரங்கள் முறியும் ஓசை. சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கி வந்த விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர், தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, குடியிருப்பை ஒட்டிய சரிவில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். படுகாயத்தோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் உயிருக்குப் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூருவில் மறைந்தார்.

முதலில் ஓடியவர்கள் ஊர் மக்கள். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துப்போனார்கள். வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்து காயம்பட்டவர்களையும் இறந்தவர்களையும் சுமக்கக் கொடுத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்தபோதும் வண்டி அந்த இடம்வரை போகப் பாதையில்லை. அவர்களும் வீடுகளிலிருந்து தண்ணீர் சுமந்தே தீயோடு போராடினார்கள். பயணம் செய்த ராணுவத்தினரின் ஆயுதங்களும் அங்கே கிடந்ததால் எச்சரிக்கையோடு வேலை செய்யவேண்டியிருந்தது என்று அவர்கள் அன்றே சொன்னார்கள். சில நாட்களில் ராணுவ அதிகாரிகள் நேரில் வந்து ஊருக்கு நன்றி சொன்னார்கள். ஓராண்டுக்கு மாதந்தோறும் மருத்துவர் வருவார் என்றும் அறிவித்தார்கள்.

நன்றி ஊர் மக்களுக்கு உரியதுதான். ஆனால் அந்த நண்பகலில் அவர்கள் எவ்வளவு பெரிய ஆபத்துக்குள் கால் வைத்தார்கள் என்பதை அதன்பின் யாரும் பெரிதாகப் பேசவில்லை. விபத்துக்கான காரணத்தை விசாரணைக் குழு ஆராய்ந்தது. எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்றது. தரையில் நின்றவர்களின் பாதுகாப்பு அந்த அளவுக்குப் பேசுபொருளாகவில்லை. காட்டுத்தீ, வெள்ளம், மலைப்பாதை விபத்து, தலைவர்கள் வருகை, கோயில் குடமுழுக்கில் மலர் தூவல் என்று ஹெலிகாப்டர் நம் வாழ்க்கைக்கு நெருக்கமாக வந்துவிட்ட காலம் இது. அதன் அருகே போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்தே ஆகவேண்டும்.

விழுந்து எரியும் ஹெலிகாப்டரிலிருந்தே தொடங்கலாம். அதன் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. தண்ணீரைவிட இலேசானது. வாளித் தண்ணீரை வீசினால் எரியும் எண்ணெய் அதன் மேல் மிதந்து, சரிவு இருக்கும் பக்கமெல்லாம் நெருப்பைக் கொண்டுபோகும். இதற்கு வேண்டியது நுரை. நுரை வரும்வரை காற்று வரும் பக்கத்திலிருந்து மட்டுமே நெருங்க வேண்டும். மலைச்சரிவானால் எண்ணெய் வழிந்துவரும் கீழ்ப்பக்கத்தில் நிற்கவே கூடாது.

புகையும் சாதாரணப் புகையல்ல. இன்றைய ஹெலிகாப்டர்களின் உடலிலும் விசிறிகளிலும் கார்பன் இழைகள் நிறைய இருக்கின்றன. எரியும்போது அவை கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பறந்து நுரையீரலிலும் தோலிலும் இறங்கும். சுவாசக் கருவி இல்லாமல் பக்கத்தில் போகக்கூடாது. போய்வந்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. சில வகைகளில் மக்னீசியம் கலந்த பாகங்கள் உண்டு. அவை பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் பட்டால் இன்னும் சீறும். கடல்மேல் பறக்கும் ஹெலிகாப்டர்களில் காற்றுப்பைகளை ஊத அழுத்த உருளைகள் இருக்கும். அவை எதிர்பாராத நொடியில் விரிந்து அருகில் நிற்பவரைத் தூக்கி எறியக்கூடும்.

தீ பிடிக்காமல் கவிழ்ந்து கிடக்கும் ஹெலிகாப்டரும் அடங்கிவிட்ட ஹெலிகாப்டர் அல்ல. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம், விசிறி சுற்றிக்கொண்டிருக்கலாம். பயிற்சி பெற்ற வீரர்கள் முதலில் விசிறி நிற்கும்வரை பொறுப்பார்கள். பிறகு என்ஜினை அணைத்து, எரிபொருளை அடைத்து, கடைசியாக பேட்டரியைத் துண்டிப்பார்கள். கதவு திறக்காவிட்டால் வெட்டும் கருவியை எடுக்குமுன், கதவையே கழற்றிவிடும் அவசரக் கைப்பிடியைத் தேடுவார்கள். இந்தக் கைப்பிடியும் விசைகளும் எங்கே இருக்கின்றன என்பது ஒவ்வொரு மாதிரிக்கும் மாறும். அதனால்தான் தன் மாவட்டத்துக்குள் அடிக்கடி வரும் ஹெலிகாப்டரை நின்ற நிலையில் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துக்கும் வேண்டும்.

ஒன்றும் ஆகாமல், நல்லபடியாக இறங்கி நிற்கும் ஹெலிகாப்டரும் உயிர் வாங்கும். 2023 ஏப்ரல் 23 அன்று கேதார்நாத் ஹெலிபேடில் நடந்ததே சான்று. கோயில் நடை திறக்க இரண்டே நாள். ஏற்பாடுகளைப் பார்வையிட வந்த உத்தராகண்ட் விமானப் போக்குவரத்து மேம்பாட்டு ஆணையத்தின் நிதி அதிகாரி ஒருவர் வால் விசிறி பட்டு அங்கேயே இறந்தார். ஹெலிகாப்டர் சேவையை நிர்வகிக்கும் அமைப்பில் வேலை பார்த்தவருக்கே இது நேர்ந்தது.

வால் விசிறி ஏன் இவ்வளவு கொடியது? சிறிய ஹெலிகாப்டர்களில் அது நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு மங்கலான நிழல் மட்டுமே, பல நேரம் அதுவும் தெரியாது. மேல் விசிறியின் இரைச்சல் வேறு எந்த ஓசையையும் கேட்கவிடாது. விமானிக்குப் பின்னால் நடப்பது தெரியாது. எனவே வால் பக்கம் போகாதே என்ற ஒரே விதியை மட்டுமாவது எல்லோரும் மனதில் வைத்தால் போதும், பல உயிர்கள் மிஞ்சும். அருகே போகவேண்டியவர்கள் விமானியின் கண்ணுக்கு நேரே, முன்பக்கமாக அல்லது முன்பக்கவாட்டில் வந்து நின்று, அவர் கையசைத்த பிறகே நெருங்க வேண்டும்.

மேல் விசிறியிடமும் மெத்தனம் கூடாது. என்ஜினை அணைத்ததும் அதன் இலைகள் வேகம் குறையக் குறையத் தாழ்ந்து வரும். ஒரு காற்று அடித்தால் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும். சரிவான நிலத்தில் ஆபத்து இரட்டிப்பாகும். நீலகிரித் தேயிலைத் தோட்டம் போன்ற இடத்தில் ஹெலிகாப்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வருபவரின் தலையும் விசிறியும் ஒரே மட்டத்தில் இருக்கும். பள்ளத்துப் பக்கமாகவே நெருங்க வேண்டும், பள்ளத்துப் பக்கமாகவே விலக வேண்டும். ஸ்ட்ரெச்சரைச் சுமப்பவர்கள் குளுக்கோஸ் கம்பத்தை மடக்கிவிட வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, கொக்கிக் கம்பு எதுவானாலும் இடுப்புக்குக் கீழே, தரைக்கு இணையாகப் பிடித்து நடக்க வேண்டும். தோளில் சாய்க்கவே கூடாது.

விசிறி தள்ளும் காற்றைப் பலர் விளையாட்டாக எண்ணுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு டன் எடையைத் தூக்கும் ஹெலிகாப்டர் அதற்கு ஈடான விசையோடு காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். 2022 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டெர்ரிஃபோர்டு மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்த கடலோரக் காவல் அமைப்பின் எஸ்-92 மீட்பு ஹெலிகாப்டர் முறையாகத்தான் தரையிறங்கியது. பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் நடந்துபோன முதிய பெண் ஒருவரை அந்தக் காற்று கீழே தள்ளியது, அவர் இறந்தார். இன்னொருவர் படுகாயமடைந்தார். ஹெலிபேடின் வேலிக்குள் என்ன நடக்கும் என்று மட்டுமே மருத்துவமனை யோசித்திருந்தது; வேலிக்கு வெளியே நடப்பவர்களைப் பற்றி யோசிக்கவில்லை என்று அந்நாட்டு விசாரணைப் பிரிவு சுட்டிக்காட்டியது. நம் ஊரிலும் மருத்துவமனைகளில் ஹெலிபேட் வருகிறது. அதைத் திட்டமிடுபவர்கள் அந்த அறிக்கையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

தரையில் இடம் தேடுவது பெரும்பாலும் தீயணைப்பு வீரர்கள், போலீசார், 108 ஊழியர்கள் தலையில்தான் விழுகிறது. நூறடிக்கு நூறடி சமதரை, சுற்றிலும் மின்கம்பி இல்லை, தகரம், பிளாஸ்டிக் தாள், மணல் எதுவும் பறக்காது என்று அவர்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்கம்பி மேலிருந்து பார்க்கும் விமானிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. கீழே நிற்பவர்தான் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். இரவில் டார்ச்சையோ வண்டியின் விளக்கையோ விமானியை நோக்கித் திருப்பினால் அவர் சில நொடிகளுக்குக் குருடாகிவிடுவார். தரையின் வலிமையும் முக்கியம். 2025 அக்டோபர் 22 அன்று கேரளத்தின் பிரமாடத்தில் குடியரசுத் தலைவர் வந்த ஹெலிகாப்டரின் சக்கரங்கள், அவசரமாகப் போட்ட கான்கிரீட் இறுகாததால் புதைந்தன. போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து அதைத் தள்ளிய காட்சியை நாடே பார்த்தது.

மேலிருந்து இறங்கும் மீட்புக் கம்பி தனி எச்சரிக்கைக்கு உரியது. பறக்கும் ஹெலிகாப்டரில் நிலைமின்னூட்டம் சேரும். கம்பியின் கொக்கி முதலில் தரையையோ தண்ணீரையோ தொட வேண்டும். அதற்குமுன் கை நீட்டிப் பிடித்தவர் மின்னதிர்ச்சி வாங்குவார். வெள்ளத்தில் மொட்டைமாடியில் நிற்பவர்கள் ஆவலோடு கை நீட்டுவது இயல்பு, அதனாலேயே இதை முன்கூட்டிச் சொல்லித்தர வேண்டும். கம்பியில் தொங்குவது எளிதான வேலையும் அல்ல. 2022 ஏப்ரலில் ஜார்கண்டின் திரிகூட மலை ரோப்காரில் சிக்கியவர்களை விமானப்படை மீட்டபோது, இருவர் அந்த மீட்பின்போதே விழுந்து இறந்தார்கள்.

ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மலைக்காட்டில் 2008 ஆகஸ்ட் 5 அன்று காட்டுத்தீ வீரர்களை ஏற்றிய சிக்கோர்ஸ்கி எஸ்-61 ஹெலிகாப்டர் புறப்பட்ட சில நொடிகளில் மரங்களில் மோதி விழுந்தது. இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரின் வெற்று எடையை நிறுவனம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது விசாரணையில் தெரிந்தது. நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர் ஒருவருக்கு 12 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. களைத்துப்போய் ஏறி உட்கார்ந்த வீரர்களுக்கு அந்தக் காகிதத்தில் இருந்த பொய்யை அறிய வழியே இல்லை.

அந்நாட்டுக் காட்டுத்தீ வீரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் கையேட்டில், ஆபத்தான வேலையை முறைப்படி மறுப்பது எப்படி என்று ஒரு பக்கம் உண்டு. கருவி பழுது, பயிற்சி இல்லை, சூழல் பாதுகாப்பில்லை என்றால் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். அதே வேலையை இன்னொரு குழுவிடம் கொடுத்தால், முந்தைய குழு ஏன் மறுத்தது என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நம் தீயணைப்பு வீரர்களுக்கும் இப்படி ஒரு பக்கம் தேவை. கட்டளைக்குக் கீழ்ப்படிவதே பழகிப்போன துறையில், மறுப்பதற்கான முறை எழுத்தில் இருந்தால்தான் இளம் வீரர் வாய் திறப்பார்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. சாலை விபத்தில் உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே. நஞ்சப்பசத்திரத்து மக்கள் செய்த உதவி அதன் வரம்பில் வராது. அந்தப் பாதுகாப்பை எல்லா விபத்துக்கும் விரிப்பதில் என்ன தயக்கம்? அதே நேரம் உதவப் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விபத்துக்குள்ளான பயணிகள் ஹெலிகாப்டரின் பாகங்களை, விமான விபத்து விசாரணை விதிகளின்படி, இஷ்டப்படி நகர்த்தக்கூடாது. ஆட்களை மீட்க, தீயைத் தடுக்க, ஆபத்தை நீக்க நகர்த்தலாம். நகர்த்தினால் எது எங்கே இருந்தது என்பதைப் படமெடுத்து வைப்பதும், விசையைத் தொட்டிருந்தால் அதிகாரிகளிடம் சொல்வதும் விசாரணைக்குப் பேருதவி.

வேடிக்கை பார்க்கப் போகும் நமக்கும் வேலை இருக்கிறது. ஹெலிகாப்டர் இறங்கும் இடத்திலிருந்து குறைந்தது இருநூறு அடி தள்ளி நில்லுங்கள். குடையை மடக்குங்கள். துண்டு, துப்பட்டா, முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். செல்ஃபி வேண்டாம். விழுந்த ஹெலிகாப்டரைக் கண்டால் 112ஐ அழைத்து, தீ இருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, வண்டி வரப் பாதை எந்தப் பக்கம் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் ஹெலிபேட் இருந்தால், தீயணைப்பு நிலையத்தில் நுரை இருப்பு எவ்வளவு, வீரர்களுக்கு ஹெலிகாப்டர் மீட்புப் பயிற்சி எப்போது கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் போங்கள்.