நாரத்தைத் தோலும் நறுமணத் தைலமும்

மேற்கு மாம்பலம் கடைத்தெருவில் வாங்கிய கறிவேப்பிலையில் ஓர் இலையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் தென்படும். அவை தைலம் நிறைந்த நுண்பைகள். எலுமிச்சை, நாரத்தை இலைகளிலும் அவ்வாறே காணலாம். வில்வமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மகாவில்வம் என்பது திரிந்தே மாம்பலம் ஆயிற்றென்று சொல்வாருளர். அது உண்மையாயின், இவ்வூர் எலுமிச்சையின் உறவுமரத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

நாரத்தை என்னும் சொல்லின் பயணமும் சுவையானது. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச் என வழங்கி, அரபியர் வழியே அக்கனியும் பெயரும் ஸ்பெயினை அடைந்தன. இதன் வேர் திராவிடமொழியில் உள்ளதென்று மொழிநூலார் பலர் கருதுவர். நாமோ அதனை 'ஆரஞ்சு' என்று ஆங்கிலத்திலிருந்து மீண்டும் கடன் வாங்கியிருக்கிறோம்!

இனித் தைலத்திற்கு வருவோம். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தெடுக்கும் தைலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் லிமோனீன் என்னும் பொருளே உள்ளது. எலுமிச்சைத் தைலத்திலும் அதுவே முதன்மையானது. அது பிசுக்கைக் கரைக்க வல்லது. உலர்ந்த எலுமிச்சைத் தோலைச் சீயக்காயுடன் சேர்த்து அரைத்த நம் பாட்டிமார் இதன் பயனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். தலைமுடியின் பிசுக்கு நீங்கும், மணமும் தங்கும். கிருமிகள் சிலவற்றின் வளர்ச்சியை இத்தைலம் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் முடி வளரும் என்பதற்குத் தக்க சான்றில்லை. வைட்டமின் 'சி' நிறைந்தது என்று விற்பதும் பொருந்தாது. அது நீரில் கரைவது, சாற்றில் இருப்பது, தைலத்தில் இராது.

மாணவச் செல்வங்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முகம் வெளுக்குமென்று எலுமிச்சைத் தோலையோ பிழிந்த தைலத்தையோ பூசிக்கொண்டு நண்பகலில் பேருந்துக்குக் காத்து நிற்பது தீங்காய் முடியும். அதிலுள்ள பெர்காப்டென் முதலிய பொருள்கள் வெயிலின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடும். ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும். பின்னர்க் கருமை படர்ந்து மாதக்கணக்கில் நிற்கும். வெளுப்பை நாடியவர்க்குக் கருப்பே கிட்டும். இதனாலேயே, பூசிய பின் கழுவாமல் விடும் பொருள்களில், பிழிந்த சிற்றெலுமிச்சைத் தைலம் நூற்றுக்கு 0.7 பங்கும், பெரிய எலுமிச்சைத் தைலம் 2 பங்கும் மிகலாகாதெனப் பன்னாட்டு நறுமணப்பொருள் அமைப்பு வரையறுத்துள்ளது. இனிப்பு ஆரஞ்சுத் தைலத்திற்கும், காய்ச்சி வடித்த சிற்றெலுமிச்சைத் தைலத்திற்கும் இவ்விடர் இல்லை. பாட்டிமார் சீயக்காயைத் தேய்த்தவுடன் நீர் விட்டு அலசினர் என்பதையும் நினைவிற் கொள்க.

எத்தைலமாயினும் தனியே பூசலாகாது; நீரிலும் அது கலவாது. 30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டுப் போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது நன்று. இரவிலோ, தலை முழுகுமுன்போ பயன்படுத்தலாம். காற்றுப்பட்டுப் பழையதாகிய லிமோனீன் ஒவ்வாமை தருமாதலால், நிறக்கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நாட்பட்டுவிட்டால் மேனிக்கு வேண்டா. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய விலைச்சீட்டின் பசையை நீக்க அது நன்கு உதவும்.