“இது எந்தப் படத்துப் பாட்டு?”

ரவாங் பட்டணத்தில் ஒரு வாழையிலை உணவகம். சனிக்கிழமை மதியம், கூட்டம் நிறைந்திருக்கிறது. வானொலியில் ஒரு பாட்டு ஒலிக்கிறது. சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்க வந்த பெண் ஒருத்தி, பாட்டு பிடித்துப்போய்க் கல்லாவில் இருப்பவரிடம் கேட்கிறாள்:

“அண்ணே, இது எந்தப் படம்?”

“படம் இல்லம்மா. நம்ம உள்ளூர் பாட்டு.”

“அப்படியா! யாரு பாடுனது?”

“அதுதான் தெரியல. நம்ம பையன்தான் யாரோ.”

இத்தகைய உரையாடல் நம் நாட்டில் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. பாட்டு பிடித்திருக்கிறது. ஆனால் பாடியவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். நல்ல பாட்டு என்றால் அது ஏதாவது ஒரு படத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஏற்படும் முதல் இழப்பு இங்கேதான் தொடங்குகிறது.

தேடி வரும் பாட்டும் தேட வேண்டிய பாட்டும்

சினிமாப் பாட்டை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. படத்தின் விளம்பரம், நடிகரின் செல்வாக்கு, இசை வெளியீட்டு விழா, தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று பல வழிகளில் அதுவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. படம் தோற்றாலும் பாட்டு நிலைத்துவிடுவது உண்டு.

தனிப்பாடலுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒலிப்பதிவு செய்கிறார். நண்பர் ஒருவர் காணொளி எடுத்துக் கொடுக்கிறார். பாட்டு வெளியாகிறது. அதன் பிறகு அதைத் தூக்கிச் செல்ல ஆள் இல்லை. எனவே கேட்பவர் பக்கம் இருந்து ஓர் அடி எடுத்து வைக்காவிட்டால் அந்தப் பாட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது பாட்டுக்குக் கையில் காசும் இருக்காது, மனத்தில் தெம்பும் இருக்காது.

நம் நாட்டில் வந்த வழி

மலேசியத் தமிழரிடம் இசைத்திறமைக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. இங்கே பிறந்து வளர்ந்த வாசுதேவன், சென்னைக்குச் சென்ற பிறகே உலகத் தமிழரின் காதுக்கு எட்டினார். 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்தில் ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ பாடிய அவர், 2011இல் மறையும்வரை மலேசியா வாசுதேவன் என்றே அறியப்பட்டார். நாட்டின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பாடக் கிடைத்த மேடை கடலுக்கு அப்பால் இருந்தது.

இங்கேயே இருந்து பாடியவர்களுக்கு வானொலிதான் தாய்வீடு. ரெ. சண்முகம் போன்ற வானொலிக் கலைஞர்கள் எழுத்திலும் இசையிலும் ஈடுபட்டு உள்ளூர்ப் பாடலுக்கு ஒரு தொடக்கம் தந்தார்கள். பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழு நாடெங்கும் புகழ் பெற்றது. ஆனால் அந்தப் புகழைத் தந்தவை மலாய்ப் பாடல்கள்.

பின்னர் டார்க்கி நாகராஜாவின் தி கீஸ் குழு தமிழிலேயே பாடி இளையோரைக் கவர்ந்தது. 1990களில் கோலாலம்பூரில் உருவான போயட்டிக் அம்மோ குழு, ஆங்கிலம், மலாய், தமிழ், கந்தோனீஸ் ஆகிய மொழிகளைக் கலந்து ராப் பாடியது. அந்தக் குழுவில் இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரைக் கொண்ட நட்சத்திராவோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். தமிழ் ஹிப் ஹாப் வரலாற்றை எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் தொகுப்பு அது. அதில் இருந்த ‘மடை திறந்து’, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாடலைப் புதிய கோலத்தில் தந்தது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2017இல் ‘விவேகம்’ படத்திலும் அவர் பாடினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த முறை சென்னைக்குப் போய் வாய்ப்புக் கேட்டு நிற்க வேண்டிய நிலை இல்லை. இங்கே செய்து முடித்த வேலையைக் கேட்டுவிட்டுச் சென்னை அழைத்தது. 2016இல் வெளியான ‘கபாலி’ படத்தின் ‘உலகம் ஒருவனுக்கா’ பாடலில் மலேசியாவின் ரோஷன் ஜாம்ராக் ராப் பாடியதும் இதே வழியில் வந்ததுதான். 2019இல் பிக் பாஸ் தமிழ் மூன்றாம் பருவத்தில் வென்ற முகேன் ராவும் இங்கே தனிப்பாடல்கள் பாடிக்கொண்டிருந்தவரே.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. திலீப் வர்மன் பாடிய ‘கனவெல்லாம் நீதானே’ தமிழ்நாட்டு இளைஞர்களின் கைத்தொலைபேசிகளில் எல்லாம் ஒலித்தது. அதைச் சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. பாட்டு கடல் கடந்தது. பாடியவர் பெயர் கடக்கவில்லை.

எங்கே தேடுவது?

இதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை.

முதலாவது, வானொலி. மின்னல் எப்.எம்., ராகா ஆகிய இரண்டிலும் உள்ளூர்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டாலே போதும். பிடித்த பாட்டை மறுபடி ஒலிபரப்பும்படி நேயர்கள் கேட்பதும் பயன் தரும். கேட்கும் குரல் இல்லாத பாட்டு மெல்லப் பட்டியலில் இருந்து இறங்கிவிடும்.

இரண்டாவது, பெயர்ப் பட்டியல். யூடியூப் காணொளியின் கீழே எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் என்று எல்லோர் பெயரும் அங்கேதான் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் இசை உலகம் சிறியது. ஒரு பாட்டுக்கு இசையமைத்தவர் இன்னும் ஐந்து பேருக்கு இசையமைத்திருப்பார். ஒருவர் பாட்டில் இடையில் வந்து நான்கு வரி ராப் பாடியவருக்குத் தனியே ஒரு தொகுப்பு இருக்கும். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பத்துப் பெயர் கிடைக்கும். பின்னலில் ஒரு நூலை இழுப்பது போன்றதுதான்.

மூன்றாவது, மேடை. ரவாங்கில் இருந்து கொம்யூட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் அங்கேயும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஒலிநாடாக் கடைகளே பாட்டுக்குச் சந்தையாக இருந்தன. கடைக்காரரிடம் “புதுசா என்ன வந்திருக்கு?” என்று கேட்டால் போதும். இன்று அந்த வேலையை மேடை நிகழ்ச்சிகளும் கைத்தொலைபேசியும் செய்கின்றன. தீபாவளிச் சந்தை, பொங்கல் விழா, பல்கலைக்கழகக் கலைவிழா, கல்யாண மண்டபம் என்று உள்ளூர்க் கலைஞர் பாடாத இடம் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பள் ஆப் பைன் ஆர்ட்ஸ் 1981 முதல் செவ்விசையும் நடனமும் கற்பித்து வருகிறது. மிருதங்கமோ வயலினோ முறையாகப் படித்த பிள்ளைகள் பிறகு என்ன இசைக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதும் ஒரு நல்ல வழி.

உறுமி மேளத்தையும் மறந்துவிடக் கூடாது. தோட்டப்புறத்தில் வளர்ந்து தாமான்களுக்குக் குடிவந்த இந்தக் கலை, கோயில் திருவிழாக்களில் இன்றும் இளைஞர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கையில் முதன்முதலாக ஓர் இசைக்கருவி கிடைத்தது உறுமிக் குழுவில்தான் என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் நம்மிடையே பலர்.

கேட்பவர் செய்வது கலைஞருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

பாட்டை விரும்பினால் போதாதா, கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கணக்கு தெரியாததால்தான் விருப்பம் வீணாகிறது.

ஒலிநாடாக் காலத்தில் ஒன்றை வாங்கினால் ஒரு பங்கு கலைஞருக்குப் போனது. திருட்டுப் பதிப்பை வாங்கினால் ஒன்றும் போகவில்லை. இன்றும் இதே நிலைதான், வடிவம் மட்டும் வேறு. ஸ்பாட்டிபை நிறுவனம் 2024 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 தடவையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு உரிமைத்தொகை கணக்கிடப்படுவதில்லை. 30 விநாடியாவது ஓடினால்தான் அது ஒரு தடவை.

இது பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. ரவாங்கில் இருந்து முதல் பாட்டை வெளியிடும் பையனுக்கோ அது ஒரு மதில் சுவர். ஆனால் 1,000 என்பது எவ்வளவு? மாதத்துக்கு ஏறத்தாழ 84 தடவை. ஒரு தாமானில் 100 பேர் மாதம் ஒரு முறை அந்தப் பாட்டைக் கேட்டாலே ஆண்டுக்கு 1,200 ஆகிவிடும். ஓர் ஊர் மனம் வைத்தால் தாண்டக்கூடிய சுவர்தான் அது.

இங்கே நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பிடித்த பாட்டைப் பதிவிறக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். 50 பேர் கேட்பார்கள், மகிழ்வார்கள். கலைஞர் கணக்கில் ஒன்றும் ஏறாது. அந்தப் பாட்டின் இணைப்பை அனுப்பியிருந்தால் 50 தடவை ஏறியிருக்கும். அனுப்பும் சிரமம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கலைஞர் பக்கத்திலும் கடமை உண்டு. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமை தருகிறது. வானொலியிலும் பொது இடங்களிலும் பாடல் ஒலிப்பதற்கான தொகையை வசூலித்துப் பகிர்ந்தளிக்க 1989இல் எம்ஏசிபி என்ற அமைப்பு தோன்றியது. இத்தகைய அமைப்பில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவு செய்யாதவருக்குப் பங்கு வந்து சேராது. பாட்டுக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்கைத் தாள் வேலைக்கும் ஒதுக்க வேண்டும்.

புகழ் வந்தால் பணம் தானாக வரும் என்பதும் உறுதியல்ல. 2021இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ தனிப்பாடல் கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றது. அதிலிருந்து வருமானம் எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பெரிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் புதியவரின் கதி என்னாகும்?

கனடா சொல்லும் பாடம்

அண்டை நாட்டின் பெரிய இசைச் சந்தைக்குள் சொந்தக் குரல் அமுங்கிவிடும் என்ற கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவை அடுத்திருக்கும் கனடாவுக்கும் அது உண்டு. தனியார் வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 விழுக்காடு கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று அந்நாடு 1971இல் விதித்தது. 1999இல் அது 35 விழுக்காடாக உயர்ந்தது.

அதே கனடாவில் இன்று தமிழ்க் கலைஞர்களின் கூட்டம் ஒன்று வளர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கம் வாசிக்கும் யாஞ்சனோடு சேர்ந்து ‘மிருதங்கம் ராப்ஸ்’ என்ற காணொளிகளை வெளியிட்டார். 2021இல் அவருடைய ‘மேட் இன் ஜாப்னா’ தொகுப்பு வந்தது. மிருதங்கத்தின் சொற்கட்டுக்கு ஆங்கில ராப் ஈடுகொடுத்து ஓடுவதைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். இவர்களை முதலில் தூக்கிப் பிடித்தது எந்த விதியும் அல்ல. “எங்கள் ஊர்ப் பிள்ளை” என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பிய ரசிகர்கள்தாம். சட்டம் பாட்டை வானொலி வரைக்கும் கொண்டுவரும். அங்கிருந்து வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது கேட்பவர் செயல்.

பெயரைச் சொல்லுங்கள்

உள்ளூர்ப் பாட்டு என்பதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டும் என்பதில்லை. உச்சரிப்பு சரியில்லை என்றால் சொல்லலாம். வரிகளில் வன்முறையும் போதையும் பெருமையாகப் பேசப்பட்டால் கண்டிக்கலாம். ஆனால் குறை சொல்வதற்கும் முதலில் கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

வாரத்துக்கு ஒரு புதிய உள்ளூர்ப் பாட்டு. ஆண்டுக்கு 52. இதற்கு ஒரு ரிங்கிட்டும் செலவில்லை. பிடித்ததில் நான்கைந்து கலைஞரின் பெயர் நினைவில் நின்றால் போதும். அடுத்த முறை பிள்ளையின் பிறந்தநாளுக்கோ, கோயில் விழாவுக்கோ பாடகர் தேவைப்படும்போது அழைக்க ஒரு பெயர் கையில் இருக்கும். அப்படி அழைத்தால் போக்குவரத்துச் செலவோடு நியாயமான ஒரு தொகையையும் கொடுக்க வேண்டும். “நம்ம பையன்தானே, சும்மா வந்து பாடட்டும்” என்பது பாசம் போலத் தெரியும். அந்தப் பையன் நான்கு இடத்தில் சும்மா பாடிய பிறகு ஐந்தாவது இடத்தில் பாட மாட்டான்.

ரவாங் உணவகத்துக்கு மறுபடி வருவோம். பாட்டு ஒலிக்கிறது. “அண்ணே, இது எந்தப் படம்?” என்று யாரோ கேட்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் பாடியவர் பெயரையும், எழுதியவர் பெயரையும், எந்த ஊர்ப் பிள்ளை என்பதையும் சொல்கிறார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் எத்தனையோ இளைஞர்கள் வேலை முடிந்த இரவுகளில் ஒலிவாங்கி முன் நின்றுகொண்டிருக்கிறார்கள்.