கிறித்தவ இல்லமும் காதற் புதினமும்

பொருளை அகம், புறம் என இரண்டாகப் பகுத்த தமிழர், காதலுக்கு நிலமும் பொழுதும் வகுத்தனர்; அந்நிலத்து மக்களின் தொழிலையும் உணவையும் கருப்பொருளாக்கினர். அக்கருப்பொருளை எண்ணத் தொடங்கும் தொல்காப்பியர் தெய்வத்தையே முதற்கண் வைத்தார் என்பது நினைக்கத்தக்கது. காதலர் வாழும் உலகில் வழிபாடும் ஓர் உறுப்பு என்பது நம் பழைய இலக்கணம். ஆகவே, சமயப் பற்றுடைய ஓர் இல்லத்தைக் களமாகக் கொண்டு காதற்கதை புனைவது தமிழ் மரபிற்குப் புறம்பான செயலன்று.

ஆயினும், கிறித்தவக் குடும்பங்களின் சமகால வாழ்வையும் அவ்வாழ்வினூடே அரும்பும் காதலையும் உரைக்கும் புதினங்களுள் தமிழில் நிலைத்த புகழ் பெற்றன சிலவே. இதற்குக் காரணம் யாது? அத்தகைய புதினம் எவ்வாறு எழுதப்பெறல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவை கிறித்தவ மாணவர்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. முஸ்லிம் இல்லங்களிலிருந்து எழுத முன்வரும் நம் மாணவரும் இதே வாயிலில்தான் வந்து நிற்கின்றனர்.

தம் வீட்டைப் பாடாத முன்னோர்

தமிழின் முதற் புதினமாகப் போற்றப்பெறும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள் (1826–1889) கத்தோலிக்கக் கிறித்தவர். ஆனால் அவர்தம் கதைத்தலைவன் பிரதாபனும் தலைவி ஞானாம்பாளும் இந்துக் குடும்பத்தினர். கதையில் இறைப்பற்று நிறைந்துள்ளது. நீதியும் நகைச்சுவையும் நிறைந்துள்ளன. ஆசிரியர் ஞாயிறுதோறும் தொழுத ஆலயமும் அவர்தம் சொந்தச் சமூகமும் மட்டும் இல்லை.

இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது, இலங்கையில் 1885ஆம் ஆண்டு கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்'. ஈழத்தின் முதல் தமிழ்ப் புதினமாகக் கருதப்பெறும் இந்நூலின் மாந்தர் முஸ்லிம்கள். ஆயினும் கதை நிகழ்வது எகிப்திலும் இந்தியப் பெருநகரங்களிலுமே. ஆசிரியர் வாழ்ந்த கண்டித் தெருக்களில் அன்று.

இருவரும் பெரும்புலமையர், தத்தம் சமூகத்தின்மீது ஆழ்ந்த அன்புடையர். எனினும் ஒருவர் பிறர் வீட்டினுள் கதையை அமைத்தார். மற்றவர் கடல் கடந்து அமைத்தார். சிறுபான்மைச் சமூகத்து எழுத்தாளன் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டத் தயங்குவது இயல்பே. அயலார் என் நினைப்பரோ, நம்மவர் என் சொல்வரோ என்னும் இருபுறத்து அச்சம் அவன் எழுதுகோலைப் பற்றிக்கொள்கிறது. காதலைக் கூறப் புகுந்தால் அவ்வச்சம் இரு மடங்காகிறது.

கதவைத் திறந்த பெண்மணியர்

இத்தயக்கத்தைப் பெரிதும் கடந்தவர் பெண்கள் என்பது வியப்புக்குரியது. கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார் (1862–1894) ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' என்னும் தன்வரலாற்றுப் புதினம், 1887–88ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. அக்கல்லூரி அந்நாளில் சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. இன்று ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள அதே கல்லூரிதான் நாம் குறிப்பிடுவது. இந்தியக் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண், கல்வியை விரும்பி, தன் மனம் ஒப்பிய துணையை ஏற்பதை அந்நூல் கூறுகிறது.

முஸ்லிம் பெண்மணியருள் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அம்மையார் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட புதினத்தின் பெயரே 'காதலா? கடமையா?' என்பதாகும். சமயப் பற்றுள்ள காதற்கதை எதுவாயினும் இறுதியில் வந்து சேரும் வினாவை அவர் நூலின் முகப்பிலேயே பொறித்துவிட்டார்.

புத்தம் வீடு

தமிழிற் கிறித்தவக் காதற்கதை முழு உருப்பெற்றது 1964ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையாரின் 'புத்தம் வீடு' வெளிவந்தது. அம்மையார் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். குமரி மாவட்டத்துப் பனங்காட்டுச் சிற்றூர் கதையின் களம். பெயரளவில் புதிய வீடாயினும் அது செல்வம் தேய்ந்த பழைய குடும்பத்தின் வீடு. அவ்வீட்டுப் பேர்த்தி லிஸி. பனையேறும் தொழிலாளியின் மகன் தங்கராஜ். இவ்விருவரிடையே மலரும் அன்பே கதை.

இப்புதினத்தில் மூன்று செய்திகள் ஊன்றி நோக்கற்குரியன.

முதலாவது, இங்குக் காதலுக்குத் தடையாக நிற்பது சமய வேறுபாடு அன்று. தடையாவது குடும்பப் பெருமை; பனையை உடையவருக்கும் பனையில் ஏறுபவருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு. இறைவன் முன் அனைவரும் சமம் என்று நாள்தோறும் வேதம் வாசிக்கும் வீட்டில் அப்பெருமை இறுகி நிற்கிறது. ஆசிரியர் இதனைக் கண்டித்துச் சொற்பொழிவு ஆற்றவில்லை. வாசகரை வீட்டினுள் அழைத்துச் சென்று அமரவைத்துக் காட்டுகிறார், அவ்வளவே.

இரண்டாவது, பருவம் எய்திய லிஸியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டினுள் அடைக்கின்றனர். இதனைச் சங்க இலக்கியம் பயின்ற மாணவர் உடனே இனங்காண்பர். இஃது அகப்பாட்டின் இற்செறிப்பே அன்றோ? குறிஞ்சி நிலத்துத் தலைவிக்கு நேர்ந்தது பனங்காட்டுக் கிறித்தவப் பெண்ணுக்கும் நேர்கிறது. சமயம் மாறினும் இல்லத்தின் வழக்கம் மாறவில்லை. தமிழ்க் கிறித்தவக் காதற் புதினம் அயல்நாட்டு இறக்குமதி அன்று, நம் அகமரபின் தொடர்ச்சியே என்பதற்கு இவ்வொரு சான்றே போதும்.

மூன்றாவது, கதையில் கொலையும் பழியும் குறுக்கிடுகின்றன. தங்கராஜ்மீது குற்றம் சாற்றப்படுகிறது. அந்நிலையில் லிஸியின் நம்பிக்கை, இறைவன்மீதும் மனிதன்மீதும் ஒருங்கே சோதிக்கப்படுகிறது. அவள் உறுதி குன்றாது நிற்பதற்கு அவள் வளர்ந்த சமயச் சூழலும் ஒரு வேர். பக்தி இங்கு அணிகலனாக நில்லாது தாங்கும் தூணாகிறது.

குமரி வட்டாரப் பேச்சு உரையாடல் முழுவதும் ஓடுகிறது. கிறித்தவர் என்றால் வேதாகம நடையிலேயே பேசுவர் என்ற பொய்த்தோற்றத்தை அது நீக்கியது.

மேலை நாட்டு வாய்பாடு

அமெரிக்காவில் கிறித்தவக் காதற் புதினம் தனிப்பெரும் வணிகமாக வளர்ந்துள்ளது. கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் அம்மையார் (1865–1947) இவ்வகையில் நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதினார். கனடாவைச் சேர்ந்த ஜானெட் ஓக் 1979இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' பெருவெற்றி பெற்றது. காதற்கதைகளுக்குப் பெயர்பெற்ற ஹார்லிக்வின் நிறுவனம் 1997இல் 'லவ் இன்ஸ்பயர்டு' என்னும் கிறித்தவ வரிசையையே தொடங்கியது.

இக்கதைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. தலைவன், தலைவி ஆகியோரின் அன்பு ஓர் இழை. அவர்களுள் ஒருவரோ இருவருமோ இறைவனிடம் திரும்புதல் மற்றோர் இழை. இரண்டும் முடிவில் ஒன்றாக முறுக்கப்படும். காமச் சித்திரிப்புக்கு இடமில்லை. முடிவு மங்கலமாக அமையும். இவ்வரம்புகளை இகழ்தல் வேண்டா. வெண்பாவுக்குத் தளை உண்டு. அத்தளைக்குள்ளேதான் நல்ல வெண்பாவும் பிறக்கிறது, வறட்டு வெண்பாவும் பிறக்கிறது. வாய்பாட்டின் தீங்கு வேறிடத்தில் உள்ளது. மனமாற்றம் உறுதி என்பதை வாசகர் முதற்பக்கத்திலேயே அறிந்துவிடின், தலைவியின் வேண்டுதலுக்குப் பொருளில்லாது போகும். விடை தெரிந்த வினாவை எவரும் கண்ணீரோடு வினவுவதில்லை.

முஸ்லிம் உலகிலும் இதற்கு ஒப்புண்டு. இந்தோனேசிய எழுத்தாளர் ஹபீபுர்ரஹ்மான் அல் ஷிராஸி 2004இல் வெளியிட்ட 'ஆயத் ஆயத் சிந்தா' என்னும் புதினம், கெய்ரோவில் அல் அஸ்ஹரில் பயிலும் மாணவனின் காதலையும் மார்க்கப் பற்றையும் இணைத்துக் கூறியது. 2008இல் திரைப்படமாகவும் வந்தது. இளைஞர் இத்தகைய கதைகளைத் தேடிப் படிக்கின்றனர் என்பதற்கு இது சான்று. நாம் எழுதிக் கொடாவிடில் அவர்கள் பிறர் எழுதியதைப் படிப்பர்.

நம் நிலமும் அதன் கருப்பொருளும்

இனி, இன்றைய புதினம் ஒன்றை நம் கண்முன் உள்ள நிலத்தில் அமைத்துக் காண்போம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று தொடரும் ஊர்கள் 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியுள் அடங்குவன. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதியில் தென் மாவட்டங்களிலிருந்து பணிநிமித்தம் வந்த குடும்பங்கள் பல குடியேறின. விமானப்படைத் தளமும் ஏற்றுமதி வளாகமும் கல்லூரிகளும் அவர்களுக்கு வேலை அளித்தன. சொந்த ஊரின் பனங்காட்டைத் துறந்து வந்தோர் அவ்வூர் வழக்கங்களைத் துறந்தனரா என்பதே இந்நிலத்துக் காதற்கதையின் உரிப்பொருள் ஆகலாம்.

கருப்பொருளுக்கும் குறைவில்லை. பாடகர் குழுவின் பயிற்சி, வாலிபர் கூட்டம், கிறிஸ்துமஸ் காலத்து இரவுப் பவனி, அறுப்பின் பண்டிகை ஏலம் ஆகியவை இளையோர் ஒருவரையொருவர் காணும் இடங்கள். இவற்றினும் சிறந்தது ஓலை வாசித்தல். திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறுகளில் மணமக்களின் பெயர்கள் ஆலயத்தில் அறிவிக்கப்பெறும். தடை அறிந்தோர் அதனைத் தெரிவிக்கலாம். சங்கத் தலைவி ஊரின் அலருக்கு அஞ்சினாள். இங்கு அலர் எழுவதற்கே சபையார் முன்னிலையில் இடம் அளிக்கப்படுகிறது. பழைய காதல், மறைத்த கடன், சாதி பற்றிய முணுமுணுப்பு என எதுவும் அம்மூன்று வாரங்களுள் எழக்கூடும். புதின ஆசிரியனுக்கு இதனினும் பெரிய கொடை வேறில்லை.

காதலர் வெவ்வேறு சமயத்தினராயின் சிக்கல் மேலும் ஆழமாகும். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் முப்பது நாள் அறிவிப்பை வேண்டுகிறது. அம்முப்பது நாளும் இரு வீடுகளில் நிகழ்வனவற்றை நடுநிலையோடு எழுதுதல் அரிய பணி. ஒரு வீட்டினரைத் தீயோராகவும் மற்றவரை நல்லோராகவும் காட்டும் கதை அவ்விரு வீட்டாருக்கும் பயன்படாது. மகளை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் தந்தையின் தொழுகையும் உண்மையானது. அம்மகளின் வேண்டுதலும் உண்மையானது. இரண்டையும் ஒரே பக்கத்தில் மதிப்போடு நிறுத்த வல்லவனே இப்பொருளைத் தொடத் தகுதியுடையவன்.

எழுதுவோர்க்கும் பெரியோர்க்கும்

எழுத விழையும் மாணவர் மூன்றினைக் கருத்திற் கொள்க. இறைநம்பிக்கை மாந்தரின் நாவில் மட்டும் நில்லாது அவர்தம் முடிவுகளில் வெளிப்படல் வேண்டும். அந்நம்பிக்கை அவர்தம் வழியை எளிதாக்குவதைக் காட்டிலும், சில வேளைகளில் கடினமாக்குதல் வேண்டும். பொய் ஒன்று கூறினால் கைகூடும் திருமணத்தைப் பொய் கூறாமையால் இழக்க நேரும் தலைவனை எண்ணிப் பாருங்கள். சபையின் குறைகளை மறைத்தல் ஆகாது. பாமா அவர்களின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது, ஆலயத்தினுள்ளும் சாதி வாழ்வதைத் தமிழுலகம் கண்டது. அதற்குப் பின்னும் குறையே இல்லாத சபையை எழுதினால் வாசகர் நம்பார்.

சமூகப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் பிள்ளைகள் நம் வீட்டைப் பற்றி எழுதும்போது அதனைக் குற்றப்பத்திரிகையாகக் கொள்ளற்க. 'புத்தம் வீடு' வெளிவந்தமையால் குமரிக் கிறித்தவர் மதிப்புக் குன்றவில்லை. அவர்தம் பேச்சும் உழைப்பும் துயரமும் தமிழர் அனைவர்க்கும் உரிமையாயின. அதனைப் படித்த இந்துவும் முஸ்லிமும் லிஸியைத் தம் வீட்டுப் பெண்ணாகவே எண்ணி இரங்கினர்.

எழுதப்படாத வீட்டைப் பற்றி அயலார் தாமே கதை புனைந்துகொள்வர். அக்கதையில் அன்பு இராது. தம் வீட்டைத் தாமே எழுதுவோரிடம் அன்பும் உண்மையும் சேர்ந்து வரும். ராஜகீழ்ப்பாக்கத்துத் தெரு ஒன்றில் ஆலயமும் பள்ளிவாசலும் கோவிலும் கேட்கும் தொலைவில் வாழும் இளைஞருள் ஒருவர் அதனைச் செய்ய முன்வருவாராயின், தமிழ் அகமரபு மேலும் ஒரு படி உயரும் என்பது திண்ணம்.