அழுக்கோடு கோடும் போகலாமா?

பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றைப் புதுப்பித்து டிஸ்க்கில் வெளியிடும்போது வரும் விளம்பரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடப்பக்கம் மங்கிப்போன பழைய படம், வலப்பக்கம் பளிச்சென்ற புதிய படம். கண் உடனே வலப்பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பளபளப்புக்காக எதை விலையாகக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கையால் வரைந்த படத்தில் காப்பாற்ற வேண்டியவை முதலில் இரண்டு: வரைந்தவரின் கோடு, பார்த்தவர்கள் காதில் விழுந்த குரல். இவை இரண்டும் பிழைத்த பிறகுதான் கூர்மையும் வண்ணமும். உலகில் இதுவரை நடந்த புதுப்பிப்புகள் இதைத்தான் காட்டுகின்றன. கோலசிலாங்கூர் முதல் ராவாங் வரை பரவிக் கிடந்த தோட்டங்களில் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைகளுக்கு இதில் மற்றவர்களைவிட அதிகப் பங்கு இருக்கிறது.

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று பெயர்பெற்ற ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ 1983-இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் பிலிம் நெகாரா மலேசியாவில் பணிபுரிந்த ஆனந்தம் சேவியர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்? அதன் நாயகனான தந்திரக்காரச் சருகுமானின் கதை 1984-இல் குரங்கோடும் 1987-இல் முதலையோடும் தொடர்ந்தது. 1985-இல் புத்திசாலிக் காகமும், 1986-இல் கர்வம் பிடித்த முயலும் வந்தன. கார்ட்டூனிஸ்ட் லாட்டின் படைப்புகளிலிருந்து பிறந்த ‘கம்போங் பாய்’ 26 பாகங்களாக எடுக்கப்பட்டது. அதில் ஒரு பாகம் 1999-இல் பிரான்சின் அன்னசி அனிமேஷன் விழாவில் பரிசு வாங்கியது. மலாய்க் கிராமத்துக் கதைகளில் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். குரங்கும் முதலையும் காகமும் முயலும் பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியர்கள் இல்லை. நாட்டின் முதல் கார்ட்டூனில் ஆனந்தம் சேவியரின் பெயர் இருக்கும்போது, இது யார் வீட்டுச் சொத்து என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்தப் பழைய முறை கார்ட்டூன் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கெடுகிறது என்பதும் புரியும். ஒளி ஊடுருவும் தாளில் கோடு வரைந்து, பின்பக்கம் வண்ணம் பூசி, தீட்டிய பின்னணி மேல் வைத்து, கேமராவில் ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடிப்பார்கள். நொடிக்கு 24 சட்டங்கள். பெரும்பாலும் ஒரு வரைபடத்துக்கு இரண்டு சட்டங்கள், ஆக நொடிக்குப் பன்னிரண்டு வரைபடங்கள். அந்தப் பிலிம் நெகட்டிவ்தான் மூலம். நாம் வீட்டில் பார்த்ததெல்லாம் அதன் நிழல். மலேசியா பின்பற்றிய பால் (PAL) முறைத் தொலைக்காட்சியில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. தொண்ணூறுகளின் இறுதியில் பாசார் மாலாமில் வாங்கிய விசிடியில் அதுவும் பாதியாகி 288. பிலிமில் இவற்றைவிட எத்தனையோ மடங்கு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. நெகட்டிவை நல்ல இயந்திரத்தில் ஸ்கேன் செய்தால் தூரிகை ஓடிய தடம்கூடத் தெரியும். ஆனால் அசிட்டேட் பிலிமுக்கு வெப்பமும் ஈரமும் எமன். நம் கடலோரக் காற்றில் அது சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். வெளியேறும் அமிலமே மிச்சத்தையும் அரிக்கும். வண்ணப் பிரதிகளில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, படம் முழுக்க இளஞ்சிவப்பாகும். வெளுத்த பிறகு அந்தச் சருகுமானின் உண்மையான பழுப்பு எது என்று எதைப் பார்த்துச் சொல்வது? வரைந்த தாள்களைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் பல ஸ்டூடியோக்களில் வழக்கமாக இருந்தது. எனவே பிலிம் போனால் சாட்சியும் போயிற்று.

மூலம் நல்ல நிலையில் கிடைத்தும் கெடுத்த கதைகள் உண்டு. தூசியையும் கீறலையும் நீக்கும் கணினி நிரல், ஒரு சட்டத்தை அதன் முன்பின் சட்டங்களோடு ஒப்பிடுகிறது. ஒரு சட்டத்தில் மட்டும் தோன்றி மறையும் எதையும் அழுக்கு என்று எண்ணித் துடைக்கிறது. மனிதர் நடித்த படத்தில் இதனால் பெரிய தீங்கு வராமல் போகலாம். கார்ட்டூனிலோ வேகமாக வீசும் கையின் கோடும் துள்ளும் வாலின் கோடும் ஓரிடத்தில் ஒன்றிரண்டு சட்டங்கள்தான் நிற்கும். நிரலுக்கு அதுவும் தூசிதான். 2000-களில் வந்த லூனி டியூன்ஸ் டிவிடி தொகுப்புகளில் சில படங்கள் இப்படித்தான் கோடு அறுந்து வெளிவந்து, ரசிகர்களின் கண்டனத்தைச் சம்பாதித்தன. இன்னொரு கொடுமை, படத்தை வெட்டுவது. பழைய தொலைக்காட்சி 4:3 அளவில் இருந்தது. அதை இன்றைய அகலத் திரைக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். ‘டிராகன் பால் இசட்’ தொடருக்கு 2007-இல் அமெரிக்காவில் வந்த டிவிடிகள் இப்படி வெட்டப்பட்டவையே. ‘சிம்சன்ஸ்’ தொடரில் பீர் ஆலை ஒன்றில் மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்து வருவதாக ஒரு கேலி உண்டு. வெட்டிய படத்தில் அந்தக் குழாயே இல்லை, கேலியும் இல்லை. 2019-இல் டிஸ்னி பிளஸ் இந்த வெட்டிய வடிவத்தை ஏற்றியபோது எதிர்ப்பு கிளம்பியது. 2020 மே மாதம் பழைய அளவிலும் பார்க்கும் வசதியைக் கொடுத்தார்கள்.

சதுரப் படத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்ப்பார்களா, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். நின்ற வாக்கில் ஓடும் கைப்பேசிக் காணொலியை நாள் முழுக்கப் பார்க்கும் பிள்ளைகளுக்கா கறுப்புப் பட்டை தடை? செலவு பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2011-இல் அதே ‘டிராகன் பால் இசட்’ தொடரைச் சட்டம் சட்டமாக, வெட்டாமல் புதுப்பித்து புளூரேயில் கொண்டுவந்தார்கள். வேலை அருமையாக இருந்தது. ஆனால் செலவு தாங்காமல் இரண்டே தொகுதிகளில் நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட தொடருக்கு அது மலைதான். நம் சாங் கஞ்சில் படங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதுவும் குறும்படங்கள். மிகச் சிறந்த புதுப்பிப்பைக்கூட ஓர் அரசு நிறுவனம் தாங்கக்கூடிய அளவுதான் இது.

செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, பழைய நாடாவைக் கொடுத்தால் 4கே ஆக்கித் தந்துவிடுமே என்பது இன்றைய வாதம். அது நாடாவில் இல்லாததை ஊகித்து வரைகிறது. ஆனந்தம் சேவியர் நடுங்கவிட்ட கோட்டை நேராக்கிவிடும், தூரிகைத் தடத்தை மெழுகாக்கிவிடும். பிலிம் இருக்கும்போது அந்த வழியில் போவது வரைந்தவருக்குச் செய்யும் அநீதி. தொண்ணூறுகளின் இறுதிக்குப் பிறகு கணினியிலேயே வண்ணம் பூசி, தொலைக்காட்சி அளவிலேயே முடிக்கப்பட்ட பல தொடர்களுக்குத் திரும்பிப் போக பிலிமே கிடையாது. அங்கே பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஏற்கிறேன். அப்போதும் அந்த மூல நாடாவைத் தொடாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

குரலுக்கு வருகிறேன். 1946-இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்தான் 1963-இல் பிலிம் நெகாரா ஆனது. அதன் படங்கள் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று வெவ்வேறு குரல்களில் வெளிவந்தன. தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டம் தோட்டமாகப் போய்த் திடலில் திரை கட்டிப் படம் காட்டின. தென்னமரத்திலும் புக்கிட் ரோத்தானிலும் பால்மரக் காட்டுக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்குப் படம் என்பது தமிழ்க் குரலோடு சேர்ந்ததுதான். பின்னாளில் இதே வீடுகளுக்கு அஸ்ட்ரோ வழியாகச் சுட்டி டிவி வந்து, வெளிநாட்டு ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழ் பேச வைத்தது. ஒரு தொடரைப் புதுப்பிக்கும் நிறுவனம் மூல மொழியை மட்டும் துடைத்துச் சீராக்கிவிட்டு மற்ற மொழித் தடங்களைக் கிடங்கிலேயே விட்டுவிடுவது சர்வசாதாரணம். தமிழ்க் குரலுக்குச் சந்தை இல்லை என்பார்கள். ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து எடுத்த, யூகோ சாக்கோவும் ராம் மோகனும் உழைத்த ராமாயண அனிமேஷன் படம் 4கே-யில் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரி 24 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழிலும் வந்தது. சந்தை இருப்பதால்தானே வந்தது?

பழைய குரலைப் புதிய படத்தோடு சேர்ப்பதிலும் நுட்பம் உண்டு. பால் முறையில் நொடிக்கு 25 சட்டங்கள். 24 சட்டங்களில் எடுத்த பிலிமை அப்படியே ஓட்டினால் நான்கு விழுக்காடு வேகம் கூடும். 24 நிமிடப் பாகம் 23 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியும் சற்று ஏறும். அன்று தொலைக்காட்சியிலிருந்து பதிந்த ஒலியைப் புதிய ஸ்கேனோடு பொருத்த, அதே அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். இது இன்று வீட்டுக் கணினியிலேயே முடிகிற வேலை. தடையாக இருப்பது அக்கறையின்மையும் உரிமைச் சிக்கலும்தான்.

டிஸ்க் ஓட்டும் கருவியே வீட்டில் இல்லையே, யூடியூபில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். இணையத்தில் ஏற்றட்டும், நல்லதுதான். ஆனால் ஏற்றியவர் நினைத்தால் வெட்டலாம், குரலை மாற்றலாம், ஒரே இரவில் எடுத்தும் விடலாம். வடக்கு சிலாங்கூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு லயங்களும் போயின. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. நைகல் கார்ட்னரிலும் மேரி தோட்டத்திலும் வாழ்ந்தவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்தார்கள். இப்படி இடம்பெயர்ந்த சமூகத்துக்குத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் பிரதி தேவை. தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு டிஸ்க் இருந்தால் அதை யாரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. 2013-இல் பிலிம் நெகாராவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ், சாங் கஞ்சில் படங்களை நெகட்டிவிலிருந்து எடுத்து, 4:3 அளவிலேயே, தமிழ்த் தடமும் சேர்த்து வெளியிட வேண்டும். தமிழ்த் தடம் இல்லாவிட்டால் மூலக் குரலை அப்படியே வைத்துவிட்டுப் புதிய தமிழ்க் குரலைத் தனித் தடமாகச் சேர்க்கலாம்.

வீட்டில் பழைய விஎச்எஸ் நாடாக்கள் வைத்திருப்பவர்களும் இதில் உதவ முடியும். தொலைக்காட்சியிலிருந்து பதிந்த படம் புதுப்பிப்புக்கு உதவாமல் போகலாம். ஒலி உதவும், அந்தக் குரல் வேறெங்கும் மிஞ்சாமலும் இருக்கலாம். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துவிடும், பூஞ்சை அடுத்த நாடாவுக்கும் தொற்றும். உறையோடு உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, எந்த ஆண்டு, எந்த அலைவரிசை என்று நினைவிருப்பதை மேலே எழுதி ஒட்டி, நாடாக்களைச் சுத்தம் செய்து பதிவெடுக்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.