தொழில் வழிகாட்டலும் சமூக ஊடகங்களும்

கல்லூரியிற் பயின்று வெளியேறும் மாணவனுக்குப் பட்டம் ஒன்றே தொழிலைத் தேடித் தந்துவிடுவதில்லை. எத்தகைய தொழில்கள் எங்கே உள்ளன, அவற்றுக்கு வேண்டிய தகைமைகள் யாவை, யாரை அணுகுதல் வேண்டும் என்பனவற்றை அவன் அறிதல் வேண்டும். தந்தையும் மாமனும் உயர்பதவி வகிக்கும் குடும்பத்துப் பிள்ளை இவற்றை வீட்டுப் பேச்சிலேயே கேட்டறிந்து விடுகின்றது. தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளைக்கோ இவற்றை எடுத்துரைப்பார் இலர். இக்குறையை நிரப்புதலே கல்லூரிகளில் நிறுவப்பெற்ற தொழில் வழிகாட்டல் அலுவலகங்களின் தலையாய கடனாகும். அக்கடனை ஆற்றுதற்குச் சமூக ஊடகங்கள் எவ்வாறு துணைபுரிகின்றன, எவ்விடத்து இடர் விளைக்கின்றன என்பதனை, அவை முதலில் வேரூன்றிய அமெரிக்க நாட்டின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

தொழில் வழிகாட்டலை ஒரு முறைப்பட்ட பணியாகத் தொடக்கிவைத்தவருள் முதன்மையானவர் பிராங் பார்சன்ஸ் என்பவர். அவர் 1908ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை அமைத்தார். அவர் மறைந்தபின் 1909இல் வெளிவந்த அவரது நூல் மூன்று படிகளை வகுத்துரைத்தது. தன்னை அறிதல் முதலாவது. தொழில்களின் இயல்பை அறிதல் இரண்டாவது. இவ்விரண்டுக்குமுள்ள பொருத்தத்தை ஆராய்ந்து தெளிதல் மூன்றாவது. இம்மூன்றோடு நான்காவதாக அறிமுகம் என ஒன்றும் வேண்டும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி புலப்படுத்திற்று.

சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையிற் பெரிதும் பேசப்படுவது. பொஸ்ரன் புறநகரொன்றில் அண்மையில் தொழில் மாறியோரை அவர் வினவினார். அறிந்தவர் ஒருவர் வாயிலாகத் தொழில் பெற்றோருள், அவரை அடிக்கடி சந்திப்பவராயிருந்தோர் நூற்றுக்கு 17 பேரளவினரே. இடையிடையே சந்திப்போர் நூற்றுக்கு 56 பேரளவினர். அரிதாகச் சந்திப்போர் 28 பேரளவினர். நெருங்கிய நண்பரினும் தூரத்து அறிமுகமே பெரிதும் உதவிற்று என்பது இதனாற் பெறப்படும். இதற்குக் காரணம் தெளிவானது. நெருங்கிய நண்பர் நாம் பழகும் வட்டத்திலேயே பழகுபவர். ஆதலின் நாம் அறிந்ததையே அவரும் அறிவார். தூரத்து அறிமுகத்தினரோ வேறொரு வட்டத்துச் செய்தியை நம்மிடம் கொணர்வர்.

அத்தகைய அறிமுகங்களைப் பதிந்துவைத்துப் பேணுதற்கேற்ற கருவியாகவே லிங்க்டின் என்னும் தளம் 2003ஆம் ஆண்டு மே மாதத்திற் பொதுமக்கட்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் ஹார்வார்ட் மாணவரிடையே முகநூல் தோன்றிற்று. முகநூல் நட்பையும் பொழுதுபோக்கையும் முன்னிறுத்த, லிங்க்டின் தொழிலையே முன்னிறுத்திற்று. அத்தளத்தைப் பயன்படுத்துவோர் ஏறக்குறைய 2 கோடிப் பேரிடம் ஐந்தாண்டுக் காலத்தில் நடத்தப்பட்ட பரிசோதனைகளின் முடிவுகள் 2022இல் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் ஏட்டில் வெளிவந்தன. கிரனோவெற்றரின் கருத்தை அவை பொதுவாக உறுதிப்படுத்தின. எனினும் ஒரு திருத்தமும் கூறின. மிக நெருங்கிய தொடர்பு பயன்படாததுபோல மிக மெலிந்த தொடர்பும் பெரிதும் பயன்படுவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொடர்பே தொழில் மாற்றத்துக்குப் பெரிதும் துணைபுரிகின்றது என்பதே அத்திருத்தம்.

இவ்விடைப்பட்ட தொடர்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு யாதெனின், ஒரே கல்லூரியிற் பயின்றோர் என்னும் உறவேயாம். பத்தாண்டுகளுக்கு முன்னர்ப் படித்து வெளியேறிய ஒருவர் இன்றைய மாணவனுக்கு நண்பருமல்லர், முற்றும் அந்நியருமல்லர். இதனை உணர்ந்த தொழில் வழிகாட்டல் அலுவலகங்கள் லிங்க்டின் தளத்திற் கல்லூரிக்கென அமைந்த பக்கத்தைத் திறம்படக் கையாளுகின்றன. பழைய மாணவர் எந்நகரில் வாழ்கின்றனர், எந்நிறுவனத்திற் பணிபுரிகின்றனர், எப்பாடம் பயின்றனர் என அதில் வகைப்படுத்திக் காணலாம். வரலாறு பயின்றவன் ஆசிரியனாகவன்றி வேறெதுவும் ஆதல் அரிது என எண்ணியிருக்கும் மாணவன், தனக்கு முன் அப்பாடத்தைப் பயின்றோர் வங்கியிலும் பத்திரிகையிலும் நூதனசாலையிலும் பணிபுரிவதை அங்கே கண்கூடாகக் காண்கின்றான். அவர்களுள் ஒருவருக்கு எவ்வாறு கடிதம் எழுதுவது என்பதை அலுவலகம் அவனுக்குக் கற்பிக்கின்றது. "வேலை தருக" என்று கேளாது, அத்தொழிலின் இயல்பை அறிதற்குக் கால்மணி நேரம் உரையாட இசைவு கேட்டலே தக்க முறையாகும். முன்னதற்கு விடை கிடைப்பது அரிது. பின்னதற்குப் பலர் மகிழ்ந்து இசைவர்.

தலைநகரங்களுக்குத் தொலைவிலுள்ள கல்லூரிகளுக்கு இக்கருவி இன்னும் இன்றியமையாதது. மிச்சிகன் தொழினுட்பப் பல்கலைக்கழகம் சுப்பீரியர் ஏரியை அடுத்த பனிமிகு வடபகுதியில் அமைந்துள்ளது. பெருநிறுவனத்தார் ஆட்சேர்ப்புக்காக அத்துணைத் தூரம் செல்வது குறைவாதலால், தம்மோடு பயில்வோர் திறமையிருந்தும் பின்தங்குவதைக் கண்ட மாணவர் மூவர் 2014இல் ஹான்ட்சேக் என்னும் தளத்தை நிறுவினர். மாணவர், கல்லூரி, தொழில் கொள்வோர் ஆகிய முத்திறத்தாரையும் அது ஓரிடத்தில் இணைக்கின்றது. இன்று அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்துகின்றன.

இனி, இடர்களை நோக்குவோம். மாணவன் பிறரைக் காணும் சாளரத்தின் வழியாகப் பிறரும் அவனைக் காண்கின்றனர். கரியர்பில்டர் என்னும் தொழில்வாய்ப்பு நிறுவனம் 2018இல் நடத்திய கருத்துக்கணிப்பில், தொழில் கொள்வோருள் நூற்றுக்கு 70 பேர் விண்ணப்பகாரரின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்ப்பதாகக் கூறினர். அவ்வாறு பார்ப்போருள் 57 வீதத்தினர், அங்குக் கண்டவற்றால் ஒருவரையேனும் தள்ளிவிட்டதாகவும் கூறினர். மதுவிருந்துப் படங்களும் இழிசொற்களும் மட்டுமே இவ்வாறு தீங்கு விளைப்பன எனக் கருதற்க. கார்ணகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் நடத்திய பரிசோதனையொன்றில், தகைமையில் ஒத்த விண்ணப்பகாரரின் சமயம் அவர்தம் ஊடகப் பக்கத்தில் மட்டும் வெளிப்படுமாறு செய்யப்பட்டது. நாடு முழுவதையும் ஒருங்கு நோக்கியபோது பெருவேறுபாடு காணப்படவில்லை. ஆயின் குடியரசுக் கட்சிச் சார்பு மிக்க பகுதிகளிற் கிறித்தவரினும் முஸ்லிம் விண்ணப்பகாரர்க்கு நேர்முக அழைப்புக் குறைந்தது. நேர்முகத்தில் வினவத் தகாததை ஊடகம் வினவாமலே அறிவித்துவிடுகின்றது என்பது இதனால் விளங்கும். விண்ணப்பகாரரின் கடவுச்சொல்லையே கேட்கும் வழக்கமும் அந்நாட்டிற் சிலவிடத்து இருந்தது. மேரிலாந்து மாநிலம் 2012இல் அதனைச் சட்டத்தால் விலக்கி ஏனைய மாநிலங்களுக்கு வழிகாட்டிற்று.

பொய் விளம்பரம் இவற்றினும் கொடியது. தாய்லாந்திற் கணினித் தொழில் உண்டெனச் சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர், மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2024இல் அவர்களுட் பலர் மீட்கப்பட்டனர். அறிமுகமற்ற ஒருவர் அனுப்பும் அழைப்பைக் காட்டி உசாவுதற்கு ஓர் ஆசிரியரோ அலுவலரோ இருத்தல் எத்துணை அவசியம் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சமூக ஊடகம் அறிமுகங்களைத் தானே படைப்பதில்லை. உள்ள அறிமுகங்களைப் பெருக்குகின்றது. ஆதலின் அதனை மாணவர் கையிற் கொடுத்துவிட்டு வாளாவிருப்பின், ஏற்கெனவே பலரை அறிந்தவன் மேலும் பலரை அறிவான். ஒருவரையும் அறியாதவன் அறியாதவனாகவே இருப்பான். விழா அறிவித்தல்களையும் விண்ணப்ப முடிவுத் திகதிகளையும் முகநூலில் இடுதலோடு தன் பணி முடிந்தது எனக் கருதும் அலுவலகம் இவ்வேற்றத்தாழ்வைக் குறைப்பதன்று. முதலாண்டிலேயே மாணவர்க்கு இக்கருவியின் பயனையும் இடரையும் கற்பித்தல், உதவ இசையும் பழைய மாணவரைத் தேடிக் கண்டு பட்டியலிடுதல், கூச்சமுள்ள மாணவன் எழுதும் முதற் கடிதத்தை உடனிருந்து திருத்திக் கொடுத்தல் ஆகிய மூன்றையும் செய்யும் அலுவலகமே தன் கடனை ஆற்றியதாகும்.

எம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கிவருகின்றன. கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் விளையாட்டிடத்துக்கும் அவை மனமுவந்து பொருள் வழங்குகின்றன. பொருட்செலவின்றிச் செய்யத்தக்க உதவியொன்றும் உண்டு. தாம் பயின்ற வகுப்பறையில் இன்று பயிலும் மாணவனோ மாணவியோ எழுதும் கடிதத்துக்கு இரண்டு வரியில் விடை எழுதுதலே அது. அவ்விடை ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றவும் கூடும்.