நெற்றியில் வலி, பிடரியில் வேர்

இதைப் படிக்கும்போதே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பின்மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் பள்ளம் இருக்கும். அங்கே இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து மெல்ல அழுத்துங்கள். கண்களை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், இமைக்குள்ளேயே விழிகளை இடமும் வலமுமாக உருட்டுங்கள். விரல் நுனியில் தசை லேசாகத் துடிப்பதைப் பலரால் உணர முடியும். உருள்வது கண், துடிப்பது பிடரி. பார்வை போகும் பக்கம் தலையைத் திருப்ப அந்தச் சின்னஞ்சிறு தசைகள் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கின்றன. அடிக்கடி வந்து போகும் தலைவலிகள் பலவற்றுக்கு இந்தப் பள்ளத்தோடு தொடர்பு உண்டு.

ஏழு எலும்பு, ஐந்து கிலோ

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ எடை இருக்கும். அதைத் தாங்குபவை கழுத்திலுள்ள ஏழு முள்ளெலும்புகள். அவற்றில் மேலே உள்ள இரண்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டவை. முதலாவது வளையம் போன்றது. வானத்தைச் சுமந்ததாகக் கிரேக்கப் புராணம் சொல்லும் அட்லஸின் பெயரே அதற்கும். மண்டையோடு அதன்மேல் அமர்ந்து முன்னும் பின்னும் சாய்வதால்தான் ‘ஆம்’ என்று தலையாட்டுகிறோம். இரண்டாம் எலும்பில் பல்போல ஒரு முளை உண்டு. அந்த அச்சாணியைச் சுற்றி அட்லஸ் திரும்பும்போது ‘இல்லை’ என்கிறோம். கழுத்து இடம் வலமாகத் திரும்பும் அளவில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது.

தலை நிமிர்ந்திருக்கும்போது சுமையில் பெரும்பகுதி எலும்பு வழியாக நேரே இறங்கிவிடும். குனிந்தால், தலை முன்னே சரிந்துவிடாமல் பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வதற்கும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் இதைக் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டார். 15 பாகை குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ, 60 பாகை குனிந்தால் 27 கிலோ என்று வந்தது. ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனாலும் கைபேசி பார்ப்பவர், பூக் கட்டுபவர், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் என எல்லோருடைய பிடரியும் இந்தச் சுமையை அறியும்.

கழுத்து நொந்தால் கண் ஏன் வலிக்கிறது?

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைவலி என்று நாம் உணர்வதெல்லாம் மூளையின் உறை, ரத்தக் குழாய்கள், தசைகள், மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து வருவதே. நெற்றி, கண், முகம் ஆகியவற்றின் வலியை முக்கிளை நரம்பு கொண்டுபோகிறது. பிடரியின் வலியைக் கொண்டுபோகின்றவை கழுத்தின் முதல் மூன்று நரம்புகள். இந்த இரண்டு வழிகளும் மூளைத்தண்டும் தண்டுவடமும் சேரும் பகுதியில் ஒரே இடத்தில் போய்க் கலக்கின்றன. இரண்டு ஊர்த் தபால் ஒரே பையில் வந்தால் எது எந்த ஊருக்குரியது என்று குழம்புமல்லவா? அப்படித்தான் கழுத்து மூட்டில் பிறந்த வலியை மூளை நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

1983-இல் நார்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட் இதைத் தனி வகையாக விவரித்துப் பெயரிட்டார். கழுத்துவழித் தலைவலி என்று சொல்லலாம். பெரும்பாலும் ஒரே பக்கமாக வரும். பிடரியில் தொடங்கி முன்னோக்கி ஏறும். கழுத்தைத் திருப்பினாலோ ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருந்தாலோ கூடும். பாதிக்கப்பட்ட பக்கம் கழுத்து முழுதாகத் திரும்பாது.

ஆனால் எல்லாத் தலைவலிக்கும் கழுத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. மிகப் பரவலானது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் இரு பக்கமும் அழுத்தும். ஒற்றைத் தலைவலி வேறு: விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் பிடிக்காது. அதிலும் கழுத்துவலி சேர்ந்தே வருவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்துவிட்டால் அதுவே காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஐம்பது வயது கடந்த, எந்த வலியும் இல்லாத பலரின் கழுத்திலும் அந்தத் தேய்மானம் இருக்கிறது.

இன்னொரு காரணம் நம் கைப்பையிலேயே உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மருந்து மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் கூடுதலாக விழுங்கிவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி என்ற இந்தச் சுழலை மருத்துவர் துணையோடுதான் அறுக்க வேண்டும்.

எது உதவும்?

கழுத்துவழித் தலைவலிக்கு நல்ல சான்றுள்ள மருந்து உடற்பயிற்சி. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவெண்டலின் ஜல் குழுவினர் 200 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. ஆறு வாரம் பயிற்சியோ கைச் சிகிச்சையோ பெற்றவர்களுக்குத் தலைவலி குறைந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நீடித்தது.

அதில் முக்கியமான பயிற்சி மிக எளிது. மல்லாந்து படுங்கள். தலையைத் தூக்காமல், ‘ஆம்’ என்பதுபோல் முகவாயை மட்டும் துளி கீழே இறக்குங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். மேலோட்டமான தசைகள் கயிறுபோல் விறைத்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மென்மையாக 10 விநாடி நிறுத்தி, தளர்த்தி, பத்து முறை செய்யுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஆழ்தசைகள் இப்படித்தான் பலம் பெறும். வலி கூடினால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

கூடவே, திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். தலையை மேலே தள்ளாத, கீழே தொங்கவும் விடாத உயரத்தில் தலையணை வையுங்கள். இருபார்வைக் கண்ணாடி அணிந்து கணினி பார்ப்பவர்கள், கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தங்களை அறியாமலே முகவாயை உயர்த்துகிறார்கள். கணினிக்கென்று தனிக் கண்ணாடி போட்டால் பிடரிக்கு விடுதலை கிடைக்கும். வெந்நீர் ஒத்தடம் இதமானது, கெடுதல் இல்லாதது.

முடி வெட்டிக்கொள்ளும் இடத்தில் கழுத்தை ‘சடக்’கென்று திருகவிடுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வேகமான திருகலுக்குப் பிறகு அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும்.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

இடி விழுந்தாற்போல் திடீரென உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, அடிபட்ட பின் வரும் வலி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாக வரும் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, நடை தள்ளாட்டம், பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவது போன்றவற்றையும் நாள்கடத்தக் கூடாது.

மற்றபடி, இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் தலை வலித்த நாளில் ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு போட்டு வாருங்கள். வலி எங்கே தொடங்கியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் இரண்டு சொல்லில் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலியின் வேரைக் கண்டுபிடிக்க அவருக்கு அது பெரிதும் உதவும்.