இமாம் கேட்கும் நாளும் டாக்டர் சொல்லும் வாரமும்: கருக்கலைப்புச் சட்டம் பற்றி

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனையோ ஸ்கேன் சென்டர்கள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போன தம்பதியர், குழந்தையின் இதயத்திலோ முதுகுத்தண்டிலோ குறை இருப்பதாக எழுதிய ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறார்கள். "சட்டப்படி இன்னும் நாள் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். மஃரிபுக்குப் பிறகு அதே ரிப்போர்ட்டுடன் கணவர் இமாமிடம் போய், "ஹஜ்ரத், கலைக்கலாமா?" என்று கேட்கிறார். இமாமின் முதல் கேள்வி, "எத்தனை நாள் ஆச்சு?" என்பதாகத்தான் இருக்கும்.

சிக்கல் அங்கேதான். டாக்டர் எண்ணுகிற நாள் வேறு, மார்க்கச் சட்டம் எண்ணுகிற நாள் வேறு.

முதலில் நாட்டுச் சட்டம். திருட்டுத்தனமாகச் செய்யப்படும் கருக்கலைப்புகளால் தாய்மார்கள் இறப்பதைப் பார்த்து, 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரையின் பேரில் 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. இது பெண்ணுக்கு உரிமை கொடுத்த சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது டாக்டருக்குக் கொடுத்த பாதுகாப்பு. கருக்கலைப்பு இன்றும் குற்றம்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 312, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 88. சட்டம் சொல்லும் காரணங்கள் இருப்பதாக டாக்டர் கருதினால் மட்டும் விலக்கு. சீர்திருத்தம் கேட்பவர்களின் முக்கியமான குறையே இதுதான்: தொடக்க வாரங்களில்கூட முடிவு பெண்ணிடம் இல்லை என்கிறார்கள்.

2021-இல் திருத்தம் வந்தது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும்; அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் போன்ற சிலருக்கே. 24 வாரம் தாண்டினால், கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவைப்பட்டால் வார வரம்பே இல்லை.

கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்லும் இடத்தில், பழைய சட்டத்தில் 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' என்றிருந்தது. 2021-இல் 'பெண் அல்லது அவள் துணைவர்' என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், 24 வார வசதி மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றது. நம்மில் பலர் முகம் சுளித்தது இந்த இடத்தில்தான். ஸினாவை மார்க்கம் அனுமதிக்கவில்லை, கருவைக் கலைக்க அது தானாகவே ஒரு காரணமும் ஆகாது. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, ரத்தப்போக்கில் ஒரு பெண்ணைச் சாகவிடுவதும் மார்க்கமல்ல. இதை ஜமாஅத்தார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஃபிக்ஹு. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸின்படி, கரு மூன்று நாற்பது நாட்களைக் கடந்தபின் ரூஹ் ஊதப்படுகிறது. அதாவது 120 நாள். அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிரக் கலைக்கக் கூடாது என்பதில் மத்ஹபுகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் அதற்கு முன்னால்தான். மாலிகி மத்ஹபில் தொடக்கத்திலிருந்தே கடுமை. ஷாஃபிகளில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முதல் நாளிலிருந்தே கூடாது என்றவர். கரு வளர வளரக் குற்றமும் கூடும் என்றார். ஹனஃபி நூல்களில் தகுந்த காரணம் இருந்தால் 120 நாளுக்குள் இடமுண்டு. அவர்கள் சொல்லும் உதாரணம் கவனிக்க வேண்டியது: கைக்குழந்தை பால் குடிக்கிறது, தாய் மறுபடி கருவுற்றுப் பால் வற்றுகிறது, செவிலித்தாய் வைக்கத் தந்தைக்கு வசதியில்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை (17:31) இருக்கும்போது, 'மூன்றாவதும் பெண்ணாக இருந்தால்' என்ற பேச்சுக்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

கருவில் குறை இருந்தால்? 1990-இல் மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹுக் குழு இதற்குத் தீர்மானம் போட்டது. சிகிச்சையால் சரிசெய்ய முடியாத கடுமையான குறை என்று நம்பகமான நிபுணர் குழு உறுதிசெய்து, பெற்றோரும் கேட்டால், 120 நாளுக்குள் அனுமதி. அதன் பிறகு குறைக்காக அனுமதியில்லை.

இப்போது கணக்கைப் போடுவோம். டாக்டர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். கரு தங்குவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே ஃபிக்ஹின் 120-ஆவது நாள், டாக்டர் கணக்கில் 134-ஆவது நாள். 19 வாரமும் ஒரு நாளும். குறைகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனோ 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது. 20-ஆவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தவருக்குச் சட்டத்தில் இன்னும் நாலு வாரம் இருக்கலாம். மார்க்கத்தில் நாள் முடிந்துவிட்டது. 'போன பிள்ளைக்கு ஒன்றுமில்லையே, அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான். 11 முதல் 13 வாரத்தில் எடுக்கும் என்.டி. ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், சொந்தத்தில் மணமுடித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அனாமலி ஸ்கேனை 18-ஆவது வாரத்திலேயே எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இந்தக் கேள்வியை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை, கருவுற்றதே தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு எய்ம்ஸ் டாக்டர் ஒருவர், குழந்தை உயிரோடு பிறக்க வாய்ப்புள்ளது, இதயத்துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று கேட்டு எழுதினார். இரு நீதிபதிகள் இரண்டு விதமாகப் பிரிந்தார்கள். அக்டோபர் 16-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது: 26 வாரம் தாண்டிவிட்டது, கருவில் குறையில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை.

முடிவு மார்க்கத்துக்கு நெருக்கமானதுதான். ஆனாலும் அந்தத் தாயை நினைக்கும்போது நமக்கு மனம் ஆறவில்லை. ஹனஃபி நூல்களில் வரும் அதே பால் கொடுக்கும் தாய்தான் அவர். காலம் கடந்து தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று நம் வீட்டுப் பெரியம்மாமார்கள் இன்றும் சொல்கிறார்கள். தங்கும். சந்தேகம் வந்தால் அன்றே பரிசோதித்துப் பாருங்கள்.

பல இடங்களில் கணவரின் கையெழுத்து கேட்கிறார்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்குச் சட்டம் கேட்பது அவள் சம்மதத்தை மட்டுமே. தம்பதியர் கலந்து பேசுவது மார்க்கம் விரும்பும் வழி. ஆனால் கணவரோ மாமியாரோ வற்புறுத்தி அவள் சம்மதமில்லாமல் கலைக்கவைத்தால் அது கடுமையான தண்டனைக்குரிய குற்றம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஸ்கேன் அறையில் அதைக் கேட்கவும் வேண்டாம்.

இமாமிடம் ஃபத்வா கேட்கப் போகிறவர்கள் மூன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: கடைசி மாதவிடாய்த் தேதி, ஸ்கேன் ரிப்போர்ட், தாயின் உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள். முடிந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.